வெள்ளம் கேட்டால் வண்டி வேண்டாம்

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குத் துணையாகப் போய் வண்டியைப் பார்த்துச் சொல்லும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வண்டி ஓடினால் வாங்கினவன் கெட்டிக்காரன், நின்றுபோனால் கூடப் போனவன் மடையன்.

நான் கூடப் போகிறவன். பேர் தாணு, ஊர் சுசீந்திரம். முப்பத்தைந்து வருஷம் டாக்ஸி ஓட்டினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கை விட்டேன், வாயை விடவில்லை. தரகு வேலை எனக்குக் கிடையாது, கமிஷனும் வாங்குவதில்லை. பஸ் காசும் ஒரு நேரச் சாப்பாடும் போதும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எந்தப் பாதி என்று இதுவரை யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் எப்போதோ ஒரு பழைய வண்டியை வாங்கி, ஏதாவது ஒரு ஏற்றத்தில் குடும்பத்தை இறக்கித் தள்ள விட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆகையால் கூச்சமில்லாமல் சொல்கிறேன். செல்வராணிக்கு வண்டி தேடி அலைந்த நாலு வாரத்தில் நடந்தவை இவை.

செல்வராணி கேட்ட வண்டி

செல்வராணி எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்துகொண்டு ஆபீஸ்களுக்கும் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறவள். புருஷன் ராபின்சன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிக் கொண்டிருந்தாள். ஒரு நாள் ரசம் கவிழ்ந்து சீட்டெல்லாம் நனைந்து, மறுநாளிலிருந்து ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. ரசம் பட்ட ஆட்டோவில் ஒரு மாதத்துக்கு எந்தப் பயணியும் பசியில்லாமல் இறங்கியதில்லை என்று கேள்வி.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிற வேலை அவளுக்கு வந்தது. கரஸ்பாண்டென்ட் இரண்டு நிபந்தனை போட்டார். சொந்த வண்டி இருக்க வேண்டும். சாப்பாடு பன்னிரண்டு மணிக்குள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் பிந்தினாலும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பள்ளி திறக்க நாலு வாரம் இருந்தது. சீட்டுப் பணமும் ஷார்ஜாப் பணமுமாக அவள் கையில் இரண்டு லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தவறான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் வழக்கம் போல, எந்த வருஷத்து மாடல், ஏசி வேண்டுமா, என்ன கலர் என்று டாக்டர் மாதிரி வரிசையாகக் கேட்டேன். கலர் என்றதும் நிறுத்திவிட்டாள்.

"கலரு எதுவா இருந்தாலும் செரி அண்ணாச்சி. பன்னெண்டு மணிக்குச் சோறு ஸ்கூலுல எறங்கணும்."

தாகத்தின் அர்த்தம்

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். மதுரைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் படகு தேட வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு உண்மை பேசுகிற கெட்ட பழக்கம் இருந்தது. ஒருத்தர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, அவருடைய காரை வைத்துக்கொண்டே, "இதுக்கு டிரைவர் எதுக்கு, நாலு சுமட்டுக்காரன் போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பானட்டைத் தடவிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள், மச்சான் வந்தான், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டு வந்தார். அன்றைக்கு நான் சுசீந்திரத்துக்குத் திரும்பி வந்த வேகத்தில் அந்தக் கார் ஒரு காலத்திலும் ஓடியிருக்காது.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். வண்டியைப் பார்த்து முடித்ததும் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்கிற மாதிரி, "இத்திரி வெள்ளம் தாருங்கோ" என்பேன். அப்படிக் கேட்டால் வண்டி கொள்ளாது, அதாவது நல்லதில்லை என்று அர்த்தம். வாங்க வந்தவர், "யோசிச்சுச் சொல்லுகோம்" என்று எழுந்துவிட வேண்டும். நான் வெள்ளம் கேட்காவிட்டால் வண்டி கொள்ளாம், விலை பேசலாம். வீட்டுக்காரருக்கு மனவருத்தம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த புண்ணியமும் அவருக்கு. பல வருஷமாக இந்த முறை தவறியதில்லை. இதை விளக்கிச் சொன்னபோது செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்.

"அப்போ உள்ளபடியே தாகமெடுத்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

காற்றோட்டமான வேன்

முதலில் பார்த்தது கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டில் நின்ற வேன். புதுப் பெயிண்ட். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பழைய வண்டியில் புதுப் பெயிண்டைக் கண்டால் என் கை வேட்டி மடிக்குப் போகும். அங்கே எப்போதும் ஒரு காந்தம் இருக்கும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. தகடு உள்ள இடத்தில் அது ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையை அடைத்துப் பட்டி பூசி வைத்த இடத்தில் ஒட்டாது. கதவில் வைத்தேன், விழுந்தது. பின்பக்கத்தில் வைத்தேன், விழுந்தது. கூரையில் வைத்தபோது கொஞ்ச நேரம் இரும்பைத் தேடி அங்குமிங்கும் நகர்ந்தது. பிறகு அலுத்துப்போய், வீட்டுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தில் தாவி ஒட்டிக்கொண்டது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

பின்சீட்டுக்குக் கீழே கிடந்த மிதியடியைத் தூக்கினேன். கீழே ஒரு கோழி நின்று எங்களை அண்ணாந்து பார்த்தது. நாங்கள் கோழியைப் பார்த்தோம். நான் வெள்ளம் கேட்க வாயைத் திறப்பதற்குள் செல்வராணி வாசலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் ஓட்டையை ஒரு தடவை, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"ஏசி இல்லாத வண்டில்லா. காத்து வரட்டும்னு விட்டிருக்கேன்."

ஃபர்ஸ்ட் ஓனர்

அடுத்தவர் போனிலேயே "ஃபர்ஸ்ட் ஓனர் வண்டியாக்கும், ஒரே கை" என்று சத்தியம் செய்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். வண்டியைப் பார்க்கும் முன்பு ஆர்சியைப் பார்ப்பது என் வழக்கம். வண்டி பொய் சொல்லலாம், ஆர்சி அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. அதில் ஓனர் வரிசை எண் அஞ்சு என்று இருந்தது. பேரோ இவருடையது இல்லை. அஞ்சாவது ஓனர் யார் என்று கேட்டேன், இறந்துபோய்விட்டார் என்றார். இவர் ஆறாவது, இன்னும் பேர் மாற்றவில்லை. இறந்தவரிடம் கையெழுத்து வாங்க எந்த ஆபீசுக்குப் போவது என்று நானும் செல்வராணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் நல்ல மோர் கொடுத்தார்கள். கேட்டை அடைக்கும் போது அவர் எனக்குப் புரியவைக்க முயன்றார்.

"எனக்க கைக்கு வந்த பெறவு நான் ஒருத்தன்தானே ஓட்டுகேன். அப்போ எனக்கு நான் ஃபர்ஸ்ட் ஓனர்தானே?"

ஷார்ஜாவிலிருந்து பார்த்த கார்

ராபின்சன் அங்கே சும்மா இருக்கவில்லை. ஏசியைக் கழற்றுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் செல்போனில் கார் பார்த்து, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கார் ஒன்றைப் பிடித்துவிட்டான். விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவு. தரகர் அதைக் களியக்காவிளை வரைக்கும் கொண்டுவந்து காட்டினார். சிவப்புக் கார். சக்கரத்தைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுவிடுவான். வீடியோ காலில் ராபின்சன் கட்டளை போட, செல்வராணி போனை பானட்டுக்குள் நீட்டினாள், டிக்கியில் நீட்டினாள், கடைசியில் குனிந்து வண்டிக்கு அடியிலும் நீட்டினாள். ரோட்டோரம் நின்றவர்கள், ஏதோ வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஆளோடு அவள் பேசுகிறாள் என்று ஓடி வந்தார்கள்.

தரகர் தானாகவே என் பயத்தைப் போக்குகிறவர் மாதிரி, "ஒண்ணும் பேடிக்காண்டாம், வெள்ளம் கேறாத வண்டியாக்கும்" என்றார். அவர் சொன்ன வெள்ளம் குடிக்கிற வெள்ளமில்லை, ஊரை மூழ்கடிக்கிற வெள்ளம். கேட்காமலே ஒருத்தர் இதைச் சொன்னால் நான் சீட் பெல்ட்டைத்தான் பார்ப்பேன். சீட்டையும் மிதியடியையும் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. முழுவதும் வெளியே இழுத்தேன். மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி செம்மண் நிறம், நடுவில் அளவுகோல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஒரு நத்தை ஓடு வந்து செல்வராணியின் கையில் விழுந்தது. அவள் அதை போனுக்கு முன்னால் காட்டினாள். ராபின்சன் அங்கே போனில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"நத்தை கெடக்கட்டும்ட்டி. அலாய் வீலு கொள்ளாம்லா?"

எட்டு டம்ளர்

இரண்டு வாரம் கழிந்துவிட்டது. செல்வராணி அரிசிக்கும் பருப்புக்கும் கடையில் சொல்லி வைத்துவிட்டாள், ஏற்றிப் போகத்தான் வண்டி இல்லை. புதுக்கடை என்ற ஊரில் பழைய வண்டி விற்கிற ஒரு கம்பவுண்டுக்குப் போனோம். உள்ளே கால் வைத்ததும் முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணாச்சிக்கு வெள்ளம் குடுங்கடே" என்றார். குடித்தேன். வண்டியைச் சுற்றி வருவதற்குள் இன்னொரு டம்ளர். எஞ்சினைப் பார்க்கக் குனிந்தால் நன்னாரி சர்பத். நிமிர்ந்தால் இளநீர். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் ஏற்பாடு மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. வெள்ளம் கேட்டால்தானே வண்டி கொள்ளாது, கேட்க விடாவிட்டால்? எட்டாவது டம்ளரில் என் வயிறு ரேடியேட்டர் மாதிரி குலுங்கியது. செல்வராணியோ நான் வாயைத் திறக்கவில்லை என்பதால் வண்டி நல்லது என்று முடிவு செய்து, பர்சைத் திறந்து அட்வான்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சிரித்த முகத்தோடு உபசரித்தே எங்களை ஒழித்துக்கட்டுகிற கட்டம். ஆனால் எட்டு டம்ளர் குடித்தவன் எங்கே போவான்? கம்பவுண்டின் பின்பக்கம் ஓடினேன். அங்கே வேப்பமரத்து நிழலில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு வண்டியின் மீட்டர். ஒருத்தர் கம்ப்யூட்டரை அதில் மாட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்த வேலையை முடிப்பதற்குள் அந்த மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டரிலிருந்து அறுபத்திரண்டாயிரத்துக்கு வந்து சேர்ந்தது. என் ஆயுசில் அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் கடந்த வண்டியை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து செல்வராணியின் பர்சை என் கையாலேயே மூடினேன். பின்னால் நடப்பதைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு முகம் மாறவில்லை.

"வண்டி மூணு வருஷம் சும்மா நின்னுச்சு அண்ணாச்சி. அந்த ஓடாத கிலோமீட்டரைக் கழிக்கோம், அவ்வளவுதான்."

அண்டா

அதன்பிறகு செல்வராணிக்கு என் தாகத்தில் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த வண்டி பார்க்கத் தோவாளைக்குப் புறப்பட்டபோது இருபது லிட்டர் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் அண்டாவுக்கும் டிக்கெட் கேட்டார். எதற்கு இது என்று நான் கேட்டதற்கு, "பாத்திரம் உள்ள இருக்குமான்னு பாக்கண்டாமா" என்று மட்டும் சொன்னாள்.

தோவாளையில் பூ ஏற்றுகிற வேன். கதவைத் திறந்ததும் பிச்சிப்பூவும் மருக்கொழுந்துமாக ஒரு வாசனை. நான் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது அது ஒன்றைத்தான். பூ வியாபாரி சாவியைத் திருப்பினார். எஞ்சின் பூனை போல நடந்தது, அதாவது சத்தமே இல்லை. புகை இல்லை, ஆயில் ஒழுகவில்லை, காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. ஆர்சியில் அவர் பேர்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விலை பேசலாம் என்று கண்ணைக் காட்டினேன்.

செல்வராணி அண்டாவை உள்ளே வைத்து, குழாயில் தண்ணீர் பிடித்து விளிம்புக்கு நாலு விரல் கீழ் வரைக்கும் நிரப்பினாள். சமமான சிமெண்டுத் தரையில்தான் வண்டி நின்றது. அண்டாவில் தண்ணீர் இடப்பக்கம் மூன்று விரல், வலப்பக்கம் அஞ்சு விரல் இறங்கி நின்றது. பிறகு அவளே ஓட்டினாள், நான் பின்னால் அண்டாவைக் காவல் காத்தேன். முதல் வேகத்தடையில் என் வேட்டி நனைந்தது. பிரேக் போட்டபோது வண்டி இடப்பக்கமாக இழுத்தது, தண்ணீர் முழுக்க என் மடியில். இறங்கி அடியில் பார்த்தேன். இடது பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. வண்டியின் அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு, எப்போதோ ஓரமாக எதிலோ இடித்திருக்கிறது. பூ வாசனையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் ஈர வேட்டியோடு நின்ற என்னிடம் அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க எஞ்சினைக் கேட்டீங்க அண்ணாச்சி. நான் சாம்பாரைக் கேட்டேன்."

வெள்ளம் கிடைக்காத வீடு

பள்ளி திறக்க எட்டு நாள். கரஸ்பாண்டென்ட் போன் செய்து வண்டி நம்பர் கேட்டார், கேட்டில் எழுதி வைக்கவேண்டுமாம். நாளை சொல்கிறேன் என்றாள் செல்வராணி. போனை வைத்துவிட்டு அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் திங்கள்சந்தைப் பக்கம் மைக்செட் தங்கப்பன் என்கிறவர் வீட்டுக்குப் போனோம். கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் போடுகிறவர். தொழிலை நிறுத்திவிட்டதால் வேனை விற்கிறார். நல்ல வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மைல் அண்டாவோடு நடந்ததில் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாசலில் ஏறினதும் வண்டியைக்கூடப் பார்க்காமல், "இத்திரி வெள்ளம்" என்றேன்.

"வெள்ளம் கெடையாது" என்றார் தங்கப்பன். "உம்ம விஷயம் கேட்டிருக்கேன் ஓய். எனக்க வண்டிக்குக் குறை இருந்தா வாயத் தொறந்து சொல்லும். நீரு வெள்ளம் குடிச்சிட்டுப் போவீரு, நான் பின்ன என்ன குறைன்னு யாரிட்ட போயி கேக்க?"

பல வருஷமாக எந்த வீட்டு முற்றத்திலும் உண்மை பேசாதவனுக்கு அது சுலபமில்லை. ஏட்டு யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, செல்வராணியை ஓட்டவைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிளட்ச் முடிந்துவிட்டது என்றேன். "உண்டு" என்றார். பின்டயர் இரண்டும் வழுக்கை. "உண்டு." இடது கதவு தோளால் இடித்தால்தான் திறக்கிறது. "முட்டியால இடிச்சாலும் தொறக்கும்." ஹாரன் இல்லை. "நான் மைக்குல சொல்லிப் போயிருவேன்." நான் முடித்தபோது, "ரெண்டு விட்டுட்டீரு" என்று அவரே சொன்னார். ரேடியேட்டரில் போன வருஷம் ஒட்டுப் போட்டிருக்கிறது. மழைநாளில் ஸ்டார்ட்டாக இரண்டு தடவை சாவி திருப்ப வேண்டும், மூன்றாவது தடவை வேண்டாம்.

செல்வராணி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அண்டாவை வைத்துத் திங்கள்சந்தை வரை போய்வந்தாள். ஒரு சொட்டுக்கூட சிந்தவில்லை. பத்து வருஷம் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் அதிராமல் ஓட்டிய வண்டி. அவர் சொன்ன விலை ஒன்று எழுபத்தைந்து. மீதியில் கிளட்சும் டயரும் மாற்றிவிடலாம். ஆனாலும் இவ்வளவு குறையோடா என்று நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் நோட்டை மூடினாள்.

"இதுவரைக்கும் பாத்த வண்டி எதுக்கும் ஒரு குறையும் கெடையாது. குறையுள்ள வண்டி இப்பதான் கெடச்சிருக்கு அண்ணாச்சி, விடாண்டாம்."

பதினொன்று ஐம்பது

பள்ளி திறந்த அன்றைக்கு மழை. எங்கள் மாவட்டத்து மழைக்குப் பள்ளி திறக்கிற தேதி மனப்பாடம். கிளட்ச் மாற்றியாகிவிட்டது, டயர் மாற்றியாகிவிட்டது. அதோடு பணம் தீர்ந்தது. ஹாரனுக்கு வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். பதினொன்றேகாலுக்குச் சோறும் சாம்பாரும் பொரியலும் ஏற்றி, துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிவிட்டு நின்றது. நான் தள்ள ஆள் கிடைக்குமா என்று இறங்கப் போனேன்.

"உட்காருங்க அண்ணாச்சி, ரெண்டு தடவைன்னுதானே சொன்னாரு" என்றாள். இரண்டாவது தடவை ஸ்டார்ட்டானது.

கோட்டாறு வந்ததும்தான் ஹாரனின் அருமை தெரிந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள், குடையைச் சாய்த்துப் பிடித்து நடப்பவர்கள், நடு ரோட்டில் நின்று யோசிக்கிற ஒரு எருமை. யாருக்கும் நாங்கள் வருவது தெரியவில்லை. மணி பதினொன்று முப்பத்தஞ்சு. செல்வராணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே விட்டு, "சோறு போவுது, ஓரம் போங்கோ" என்று கத்தினேன். முப்பத்தைந்து வருஷம் டாக்ஸி ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்ட தொண்டை. எருமை கும்பிட்டு வழிவிட்டது. ஒரு பஸ் தானாக ஓரம் கட்டியது, அதன் டிரைவர் இறங்கிப் பின்னால் ஆம்புலன்ஸ் எங்கே என்று தேடினார். கோட்டாற்றிலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் நான் வாயை மூடவில்லை. பள்ளி வளாகத்துக்குள் போன பிறகும் பழக்கத்தில் இரண்டு தடவை கத்திவிட்டேன்.

கரஸ்பாண்டென்ட் குடையோடு படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தார், விளிம்பில் ஒரு துளி சாம்பார் இல்லை. செல்வராணி இறங்கி, இடது கதவை முட்டியால் இடித்துத் திறந்து என்னை வெளியே விட்டுவிட்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஈரத் தலையோடு நின்றாள். அவர் மூடியை மெதுவாக மூடினார்.

"நேரம் செரியாக்கும் பிள்ளே, நாளைக்கும் இதே போல வந்திரு. அந்த ஹாரனை மட்டும் மாத்து, எல்கேஜி பிள்ளைகள் பேடிச்சு அழுவுது."

இத்தனை வருஷம் அலைந்ததில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பழைய வண்டி வாங்குவது என்பது, இன்னொருத்தன் சும்மா பழகி வைத்திருக்கிற குறைகளை நாம் காசு கொடுத்துப் பழகிக்கொள்வது.